ரோட்டுக்கு வந்து நிக்கறனுங்க

அயர்லாந்தில் கார்க் நகரத்துக்குப் பக்கத்து மலைப்பாதையில் வழுக்கி விழுந்து கணுக்கால் பிசகிய அன்று, என்னிடம் யாரும் "எங்கே இருக்கிறாய்?" என்று கேட்கவில்லை. நான் கோயமுத்தூருக்குக் கிளம்பியதற்கு உண்மையான காரணம் அதுதான். வீட்டில் சொன்ன காரணம் அண்ணன் மகளின் நிச்சயதார்த்தம்.

நல்ல பனிமூட்டம். கூட வந்தவர்கள் பேசிக்கொண்டே முன்னால் போய்விட்டார்கள். அவசர எண்ணை அழுத்தினேன். எடுத்த பெண், நான் மூச்சு வாங்கி முடிப்பதற்குள், "சின்னக் குளத்துக்கு மேலே, பாதையிலிருந்து கொஞ்சம் இறங்கி இருக்கிறீர்கள், சரிதானே? நகர வேண்டாம், அங்கேயே உட்காருங்கள்" என்றாள். அங்கே போன்கள் அப்படி. அவசர எண்ணை அழுத்தினால் போன் தானாகவே ஜிபிஎஸ்ஸை எழுப்பி, டவரையும் வைஃபையையும் சேர்த்துப் பார்த்து, தான் இருக்கும் இடத்தை நமக்குத் தெரியாமலே ஒரு செய்தியாக அனுப்பிவிடும். இது எனக்கு ஏற்கெனவே தெரிந்த விஷயம்தான். ஆனாலும் அந்த ஈரப் புல்லில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். கால் வலிக்கு அழுகிறேன் என்று நினைத்து, அவள் வண்டி வரும் வரைக்கும் ஆறுதல் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

நான் அழுதது கிணத்துக்கடவுக்காரி ஒருத்தியை நினைத்து.

கல்யாணமாகி அயர்லாந்து போவதற்கு முன்னால் ஆறு வருஷம் கோயமுத்தூரில் ஓர் ஆம்புலன்ஸ் சேவையின் அழைப்பு அறையில் வேலை பார்த்தேன். காதில் ஹெட்போன், எதிரில் திரை. திரையில் அழைத்தவரின் நம்பர் வரும். அதிர்ஷ்டம் இருந்தால் எந்த டவர் என்று வரும். டவரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? எங்கள் பக்கத்து விவசாயிகள் பலர் தெருவில் சேர்ந்து வாழ்கிறவர்கள் இல்லை. அவரவர் தோட்டத்துக்கு நடுவில் வீடு கட்டிக்கொண்டு, தென்னைக்குப் பின்னால் மறைந்து இருக்கிறவர்கள். கதவு எண் கிடையாது, தெருப் பெயர் கிடையாது. ஆகவே ஆறு வருஷமும் நான் கேட்டது ஒரே கேள்வி: "எங்கம்மா இருக்கீங்க?" அடுத்தபடியாக, "யாரையாச்சும் ரோட்டுக்கு அனுப்பறீங்களா?"

இந்த இரண்டாவதைப் பெரும்பாலும் நான் கேட்கவே வேண்டியிருக்காது. அவர்களே, "நீங்க எதுக்குங்க தேடிட்டு, நான் ரோட்டுக்கு வந்து நிக்கறனுங்க" என்று சொல்லிவிடுவார்கள். வழி தெரியாமல் வருகிறவர்களைத் தேட விடுவது எங்கள் பக்கம் மரியாதைக் குறைவு. சம்பந்தி வந்தாலும் சரி, ஆம்புலன்ஸ் வந்தாலும் சரி, ரோட்டில் போய் நின்று கூட்டிவர வேண்டும். உயிர் போகிற நேரத்திலும் அந்த மரியாதை போகாது.

அந்த அம்மாவின் அழைப்பு ஒரு மத்தியானம் வந்தது. பெயர் ரங்கநாயகி என்றாள். கணவருக்கு நெஞ்சுவலி. வியர்த்துக் கொட்டுகிறது, வீட்டில் வேறு ஆள் இல்லை. "கிணத்துக்கடவு தாண்டி மேக்கால போற ரோட்டுல கோழிப்பண்ணை வருமுங்க. அதத் தாண்டுனா பெரிய தண்ணித் தொட்டி. தொட்டிக்கு எதுத்தாப்ல மண் ரோடு. தொட்டித்தோட்டம்னு கேட்டா ஆரும் சொல்லுவாங்க" என்றாள். இதை இன்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன்.

வண்டியைக் கிளப்பிவிட்டேன். அந்தப் பக்கம் மண் ரோடுகள் ஒன்றைப்போலவே ஒன்று இருக்கும். எனவே நான், "அம்மா, நீங்க கொஞ்சம் ரோட்டுக்கு வந்து நில்லுங்க" என்றேன்.

"கையப் புடிச்சுட்டு உட மாட்டீங்கறாருங்க."

"கைய விட்டுட்டு வாங்கம்மா. வண்டிக்கு வழி தெரியாது. நீங்க ரோட்டுல நின்னாத்தான் சீக்கிரம் வர முடியும்."

அவள் கணவரிடம் தெலுங்கில் ஏதோ சொன்னாள். வீட்டுக்குள் தெலுங்கும் வெளியில் தமிழும் பேசுகிற குடும்பம். நான் போத்தனூர் ரயில்வே குடியிருப்பில் தெலுங்குப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்தவள், புரிந்தது. "நான் எங்கயும் போகல, இங்கயேதான் இருக்கேன், கண்ணைத் திற" என்றாள். போகிறதற்கு முன்னால் சமாதானம் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். மறுபடியும் "வாங்கம்மா, வாங்கம்மா" என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "ரோட்டுக்கு வந்துட்டனுங்க" என்றாள். அழைப்பை டிரைவருக்கு மாற்றிவிட்டேன். அடுத்த அழைப்பு பாம்புக்கடி.

பிறகு என்ன ஆனது என்று நாங்கள் கேட்கக்கூடாது. அது விதி. விதி இல்லாவிட்டாலும் கேட்டிருக்க மாட்டேன், பயம். சில மாதத்தில் கல்யாணம், விமானம், குளிர். ஆனால் கார்க்கில் பாத்திரம் கழுவும்போதும், பஸ்ஸுக்கு நிற்கும்போதும் அந்தக் குரல் வந்துகொண்டே இருந்தது. அந்த மனிதர் பிழைத்தாரா? பிழைக்கவில்லை என்றால், நான் கையை விடச் சொன்னதால் தன்னந்தனியாகக் கிடந்து செத்தாரா? அப்படித்தான் என்றால் அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். எட்டு வருஷமாக எனக்கு வேண்டியிருந்தது இவ்வளவுதான்.

*

முதல் நாள். கோயமுத்தூர் விமான நிலையத்துக்கு வெளியே நின்று செயலியில் டாக்ஸிக்குச் சொன்னேன். வரைபடத்தில் என் புள்ளி தெளிவாக நிற்கிறது, டிரைவரின் வண்டியும் நகர்கிறது. போன் வந்தது.

"ஏனுங்க, எங்கங்க இருக்கீங்க?"

"மேப்ல புள்ளி காட்டுதில்லைங்களா?"

"புள்ளி இருக்குதுங்க. நீங்க எங்க இருக்கீங்க?"

சிரிப்பு வந்துவிட்டது. ஏழு வருஷத்துக்கும் மேலாக என்னை யாரும் இப்படிக் கேட்டதில்லை. அங்கே எல்லோருக்கும் எல்லோரும் இருக்கும் இடம் தெரியும். அதனால் கேட்க வேண்டிய அவசியமே யாருக்கும் இல்லை. பெட்டியை இழுத்துக்கொண்டு ரோட்டுக்குப் போய் நின்றேன். டிரைவர் கண்ணாடியை இறக்கி, "இப்படி நின்னாத்தானுங்க தெரியும்" என்றார்.

போத்தனூரில் அண்ணி இடியாப்பம் போலப் பிழிந்த சந்தகையும் தேங்காய்ப்பாலும் வைத்திருந்தாள். நான் மூன்றாவது தட்டுக்கு நகர்ந்தபோது, "அங்க ஒண்ணும் போடறதில்லையா உனக்கு?" என்றாள். அண்ணன் ஆரோக்கியம் ரயில்வேயில் ஓய்வு பெற்றவன். ராத்திரி ரயில் சத்தம் கேட்டதா என்று காலையில் விசாரித்தான். கேட்கவில்லை, செத்தவள் மாதிரித் தூங்கினேன் என்றேன்.

*

இரண்டாம் நாள் கவிதாவைப் பார்த்தேன். அழைப்பு அறையில் எனக்கு அடுத்த நாற்காலி. இப்போதும் அங்கேதான் இருக்கிறாள், மேற்பார்வையாளர். சுந்தராபுரத்தில் ஒரு பேக்கரியில் உட்கார்ந்தோம். கோயமுத்தூர்க்காரனுக்குப் பேக்கரிதான் டீக்கடை, பேக்கரிதான் அலுவலகம், பெண் பார்க்கும் இடமும் அதுவே. கார்க்கில் காபியோடு வைக்கிற பேரீச்சைக் கேக்கைத் தின்றுவிட்டுப் பெருமை பேசுகிறேன், இங்கே ஒரு தேங்காய் பன்னுக்கு அத்தனையும் ஈடில்லை.

"இப்பெல்லாம் திரையிலயே புள்ளி வந்துருதுக்கா" என்றாள் கவிதா. "எல்லாப் போன்லயும் வராது. வராட்டி ஒரு லிங்க் அனுப்புவோம், அதத் தொட்டா வந்துரும். பட்டன் போன்னா பழைய கதைதான்."

"அப்போ தொல்லை விட்டுதுன்னு சொல்லு."

"எங்க விட்டுது? நம்ம சனம் புள்ளிய வெச்சு ஆட்டங்காட்டுது. அழைப்பு வரும். புள்ளி தோட்டத்துக்குள்ள நிக்கும். வண்டிய அனுப்பறோம். பாத்துட்டே இருக்கும்போது புள்ளி மெல்ல நடந்து ரோட்டுக்கு வரும்."

"ரோட்டுக்கு வந்து நிக்கறாங்க."

"ஆமா. போனைக் கையில எடுத்துட்டு ரோட்டுக்கு வந்துர்றாங்க. நோயாளி உள்ள. நெஞ்ச அமுக்குங்கன்னு சொல்லிக்கொடுக்கலாம்னு பாத்தா, ஆளு பஸ் ஸ்டாப்புல நின்னு கைகாட்டிட்டு இருக்காரு. நகராதீங்க, நீங்க இருக்கற எடம் எங்களுக்குத் தெரியும்னு சொன்னா, 'பரவால்லீங்க, நீங்க செரமப்படக் கூடாது'ங்கறாங்க."

நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே, "ரங்கநாயகின்னு ஒரு அழைப்பு ஞாபகம் இருக்கா?" என்று கேட்டேன். அவளுக்கு இல்லை. அவள் தலையில் அதற்குப் பிறகு எத்தனையோ ரங்கநாயகிகள். "விட்டுரு, அக்கா" என்றாள். "நீ அன்னைக்குச் சொன்னதத்தான் நாங்க எல்லாரும் சொன்னோம். ரோட்டுக்கு வரச் சொல்லுன்னுதான நமக்குச் சொல்லிக்கொடுத்தாங்க." அது சரிதான். ஆனால் அந்தக் கையை விடச் சொன்ன குரல் எல்லாருடையதும் இல்லை, என்னுடையது.

மூன்றாம் நாள் நிச்சயதார்த்தம். அதைப் பற்றி எழுத மாட்டேன். அண்ணி படிப்பாள்.

*

நான்காம் நாள் காலை உக்கடத்தில் பொள்ளாச்சி பஸ் ஏறினேன். "கிணத்துக்கடவு நிக்குமா?" என்று கேட்காமல் ஏறியது என் முட்டாள்தனம். நான் ஊரில் இருந்த காலத்தில் எல்லாப் பஸ்ஸும் ஊருக்குள் நின்றுதான் போகும் என்ற நினைப்பு. எனக்கு முன்னால் இரண்டு பெரியவர்கள் மலையாளத்தில் தேங்காய் விலையைத் திட்டிக்கொண்டு வந்தார்கள். ஒருவர், "மரத்தில் ஏறுகிறவன் என்னைவிட நல்ல போன் வைத்திருக்கிறான்" என்றார். மற்றவர், "அவன் உன்னைவிட உயரத்தில் இருப்பவன், சிக்னல் வேண்டாமா?" என்றார். இதை ரசித்துக்கொண்டு இருக்கும்போதே பஸ் ஊருக்கு மேலே போகிற புதுப் பாலத்தில் ஏறிவிட்டது. கீழே கிணத்துக்கடவு, கோயில் குன்றோடும் கடைகளோடும், என்னைவிட்டு நகர்ந்து போனது.

"ஏனுங்க அம்மணி, மொதல்லயே சொல்றதில்லீங்களா" என்று கண்டக்டர் என்னைவிட அதிகமாக வருத்தப்பட்டுப் பாலம் இறங்கியதும் நிறுத்திக் கொடுத்தார். வெயிலில் திரும்பி நடந்தேன். கணுக்கால் முணுமுணுத்தது. வழியில் ஓர் இளநீர் குடித்தேன். வெட்டிக் கொடுத்தவர் வழுக்கையையும் சுரண்டிக் கொடுத்து, குடித்து முடிக்கும் வரை எங்கே போகிறேன் என்று கேட்காமல் பொறுத்திருந்து, முடித்தவுடன் கேட்டார்.

"தொட்டித்தோட்டம்" என்றேன்.

"அது எந்தப் பக்கமுங்க?"

ஆரும் சொல்வார்கள் என்றாளே என்று எனக்குக் கொஞ்சம் கலக்கமாகிவிட்டது. மேற்கே போகிற டவுன் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து கோழிப்பண்ணைக்காகக் காத்திருந்தேன். கோழிப்பண்ணை வரவே இல்லை. அதற்குப் பதிலாக வண்ணக் கொடி நட்ட வீட்டுமனைகள் வந்தன. ஆனால் தண்ணித் தொட்டி வந்தது, பளிச்சென்று வெள்ளையடித்த தொட்டி. எதிரில் மண் ரோடும் இருந்தது. இறங்கி அதில் நடந்தேன். நாய் குரைத்தது. தென்னைக்கு நடுவில் ஓட்டு வீடு. வாசலில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தவர் எழுந்து வேட்டியை இறக்கிவிட்டார்.

இது தொட்டித்தோட்டம் இல்லை. தொட்டித்தோட்டத்துத் தொட்டி பழைய தொட்டி. "அத இடிச்சுப்போட்டு இங்க புதுசாக் கட்டுனாங்க. இன்னும் அக்கட்டால போகோணும்" என்றார். நான் எட்டு வருஷம் மனப்பாடமாக வைத்திருந்த வழியில் கோழிப்பண்ணையும் போய்விட்டது, தொட்டியும் இடம் மாறிவிட்டது.

அவர் மனைவி என்னை நேராக அடுப்படிக்கே கூட்டிப் போய்விட்டாள். அரிசிம்பருப்புச் சாதம், அதன் தலையில் நெய், பக்கத்தில் தயிரும் அப்பளமும். சொந்தமா, வேலையா, சாதி என்ன, எதுவும் கேட்கவில்லை. சாப்பிட்டு முடித்தபின் அவர், "ரங்கநாயகி அக்காவப் பாக்கோணுமுங்களா?" என்றார்.

"ஆமாங்க. அவங்க வீட்டுக்காரர்..." என்று இழுத்தேன்.

"அவரு போயி எட்டு வருசமாச்சுங்களே. நெஞ்சுவலி. ஊட்டுலயே போயிட்டாரு."

தட்டில் கை வைத்தபடியே இருந்தேன். தெரிந்துகொள்ளத்தான் வந்தேன். தெரிந்ததும், திரும்பிப் போய்விடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்க வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் போனை எடுத்துப் பேசிவிட்டார்: "அக்கா, உங்க ஊட்டுக்கு ஒரு அம்மா வந்திருக்காங்க, வழி தெரியல." பிறகு என்னிடம், "ரோட்டுல நில்லுங்க, அக்கா வந்துருவாங்க" என்றார். "நான் கொண்டுபோய் உடலாமுங்க. ஆனா அக்கா உட மாட்டாங்க. ஆரு வந்தாலும் அவங்களேதான் ரோட்டுக்கு வருவாங்க."

ரோட்டில் நின்றேன். கொஞ்ச நேரத்தில் மேற்கேயிருந்து ஒரு மொபெட் வந்தது. முன்னால் தவிட்டு மூட்டை, மேலே ஓர் அம்மா, தலையில் துண்டைச் சுற்றிக் கட்டியிருந்தாள். ஐம்பத்தைந்து வயது இருக்கும். அந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை. காலை ஊன்றி நின்று, "அம்மணி, நீங்கதானுங்களா? ரொம்ப நேரமா நிக்கறீங்களா?" என்றாள்.

அந்தக் குரல். கொஞ்சம் கரகரப்பு ஏறியிருந்தது, மற்றபடி அதேதான். என் காதுக்குள் எட்டு வருஷமாகக் குடியிருந்த குரல், இப்போது வாயும் கண்ணும் வியர்வையுமாக எதிரில் நின்றது. "பேங்க்குல இருந்து வாரீங்களா?" என்றாள். இல்லை என்று தலையை ஆட்டிவிட்டுப் பின்னால் ஏறிக்கொண்டேன். பள்ளம் வரும்போதெல்லாம், "புடிச்சுக்குங்க, புடிச்சுக்குங்க" என்றாள்.

*

நல்ல வீடு. சிமெண்ட் தரை, வாசலில் இரண்டு எருமை. மகள் திருப்பூரில் இருக்கிறாளாம், அங்கேயே வந்துவிடச் சொல்கிறாளாம், இவளுக்கு மனசில்லையாம். காபி கொடுத்தாள். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு வழியாகச் சொன்னேன்.

"அம்மா, என் பேர் ஸ்டெல்லா. நாம பேசியிருக்கோம். எட்டு வருஷம் முன்னாடி, போன்ல. ஆம்புலன்சுக்கு நீங்க கூப்பிட்டப்ப எடுத்தது நான்தான்."

அவள் தலைத் துண்டை அவிழ்த்து மடியில் வைத்தாள்.

"கைய உடச் சொன்னவங்களா?"

"ஆமாங்கம்மா." அதற்கு மேல் நான் தயார் செய்து வைத்திருந்தது எல்லாம் குழறிப்போனது. எனக்கு வேறு வழி தெரியவில்லை என்றேன், அவர் தனியாகக் கிடந்திருப்பார் என்று நினைத்து நினைத்துத் தூக்கம் போனது என்றேன், என்னை மன்னிக்க வேண்டும் என்றேன். அழுதுவிட்டேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது, அழுதேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. குற்றம் செய்து பிடிபட்ட பிள்ளையின் முகம்.

"நான் கைய உடலீங்களே, அம்மணி" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"ரெண்டு தடவ எந்திரிச்சனுங்க. ரெண்டு தடவையும் இழுத்துப் புடிச்சுட்டாரு. நீங்களானா வாங்க வாங்கங்கறீங்க. மாட்டேன்னு சொன்னா வண்டி அனுப்ப மாட்டீங்களோன்னு பயம். ரோட்டுக்கு வந்துட்டனுங்கன்னு பொய் சொல்லிப்போட்டேன். இந்தக் கட்டில்லதான் உக்காந்திருந்தேன்."

காதை வைத்துப் பிழைத்தவள் நான். மூச்சு வாங்குவதை வைத்தே வயதைச் சொல்வேன் என்று பீற்றிக்கொண்டவள். அந்தப் பொய் என் காதில் விழவில்லை.

"வண்டி வந்துச்சுங்க. சத்தம் கேக்குது. மேக்கால போச்சு. திரும்பிக் கெழக்கால போச்சு. டிரைவர் தம்பி போன் பண்ணி, எங்கம்மா நிக்கறீங்க, ரோட்டுல ஆருமே இல்லையேங்குது. அப்பயாச்சும் உள்ளதச் சொல்லியிருக்கலாம். ரோட்டுலதானுங்க நிக்கறேன்னு மறுக்காவும் அதையே சொல்றேன். வாயில வந்த பொய்ய மாத்தத் தெரியலீங்க. அவரு அந்த வண்டிச் சத்தத்தக் கேட்டுட்டு, வந்துட்டாங்கன்னு சொன்னாரு. அதுதானுங்க கடேசி. அதுக்கப்புறம்தான் அவிக ஆரையோ கேட்டு உள்ள வந்தாங்க."

எருமை ஒன்று கயிற்றை இழுத்தது. அவள் எழுந்து போய் அதற்கு ஒரு கை வைக்கோல் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"ஒண்ணு கேக்கறேன், ஒளிக்காமச் சொல்லுங்க. நான் ரோட்டுக்கு வந்திருந்தாப் பொழச்சிருப்பாருங்களா?"

நான் கேட்க வந்த கேள்வியை அவள் என்னிடம் கேட்கிறாள். பிழைத்திருக்க மாட்டார் என்று சொல்லலாம். அந்த நிமிஷத்தில் அது சுலபம், அவளுக்கும் நிம்மதி. ஆனால் இருவருக்கும் இடையில் ஏற்கெனவே ஒரு பொய் எட்டு வருஷம் இருந்துவிட்டது. இன்னொன்று வேண்டாம் என்று தோன்றியது.

"தெரியலைங்கம்மா" என்றேன். "பொழச்சிருக்கலாம். பொழைக்காமயும் போயிருக்கலாம். நீங்க வந்திருந்தா அவர் தனியா இருந்திருப்பார். அது மட்டும் எனக்குத் தெரியும்."

தலையை ஆட்டினாள். வெகுநேரம் ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

"அன்னைக்கு வரல பாருங்க. அதுக்கப்புறம் ஆரு வந்தாலும் ரோட்டுக்குப் போயர்றனுங்க. தேங்கா ஏவாரி, கேஸ் சிலிண்டர்காரன், ஆரானாலும். கேஸ்காரன் சிரிக்கறான். அக்கா, எனக்கு வழி தெரியும், எத்தன வருசமா வாரேங்கறான். தெரியட்டுமேன்னு போயி நின்னுக்குவேன்." சிரிக்கப் பார்த்தாள். "பகல்ல வேல இருக்குதுங்க. பொழுது எறங்குனாத்தான் கை சும்மா இருக்குது. எங்க வெக்கறதுன்னு தெரிய மாட்டேங்குது."

தெரிந்ததைச் செய்வோம் என்று அவள் போனைக் கேட்டேன். மகள் வாங்கிக் கொடுத்த தொடுதிரைப் போன். இடம் காட்டும் வசதியை அணைத்தே வைத்திருந்தாள், சார்ஜ் போகிறது என்று யாரோ சொன்னார்களாம். அதைப் போட்டுவிட்டு வரைபடத்தைத் திறந்தேன். பச்சையாக ஒரு வெளி. அதில் வீடு இல்லை, ரோடு இல்லை, பெயர் இல்லை. நடுவில் நீலமாக ஒரு புள்ளி மட்டும்.

"இதுங்களா நானு?"

"ஆமாங்கம்மா. இப்ப நீங்க ஆம்புலன்சுக்குக் கூப்பிட்டா பெரும்பாலும் இது அவங்களுக்கே போயிரும். போகலைன்னா ஒரு மெசேஜ் அனுப்புவாங்க, அதத் தொட்டாப் போதும். நீங்க எங்கயும் போகக் கூடாது. போன் எங்க இருக்கோ வண்டி அங்கதான் வரும்."

புள்ளியை விரலால் மெல்லத் தொட்டாள். வரைபடம் நகர்ந்து புள்ளி ஓரத்துக்குப் போனது. பயந்து கையை எடுத்துக்கொண்டாள்.

"அப்பக் கைய உட வேண்டியதில்லீங்களா" என்றாள்.

"வேண்டியதில்லைங்கம்மா."

"முன்னாலயே வந்திருக்கோணும்" என்றாள். புள்ளியைச் சொன்னாளா, என்னைச் சொன்னாளா என்று நான் கேட்கவில்லை. இரண்டுக்கும் பொருந்தும்.

கடைசி டவுன் பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. நான் பையை எடுத்தேன். அவள் எழுந்திருக்கவில்லை. துண்டை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள்.

"அம்மணி, சிரிக்கக் கூடாது. அன்னைக்குக் கேட்டாப்பல ஒருக்காக் கேளுங்களே."

"என்னம்மா?"

"எங்க இருக்கீங்கன்னு. உங்ககிட்டச் சொன்ன பொய்யிதான் தொண்டையிலயே நிக்குதுங்க."

பையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தேன். எதிரில்தான் இருக்கிறாள், முழங்கால் இடிக்கிற தூரம். ஆனாலும் அவள் முகத்தைப் பார்த்துக் கேட்க முடியவில்லை. கண்ணை மூடிக்கொண்டேன். எட்டு வருஷமாகப் பேசாத வேலைக் குரலைத் தேடி எடுத்தேன்.

"சொல்லுங்கம்மா, எங்கம்மா இருக்கீங்க?"

அவள் மூச்சை இழுக்கும் சத்தம் கேட்டது.

"ஊட்டுக்குள்ளதானுங்க இருக்கறேன். ரோட்டுக்கு வரலீங்க. அவரு கையப் புடிச்சுட்டு உக்காந்திருக்கறனுங்க."

"அங்கேயே இருங்கம்மா" என்றேன். "கைய விடாதீங்க. வண்டி வந்துரும்."